இடருற்ற தாய்க்கு உதவும் அறம்

உதவி என்பது பொருளைப் பிறர் கையில் இடுவதோடு முடிந்துவிடுவதன்று. உதவி நாடி வருவோர் தம் குறையை மட்டுமன்றித் தம் நம்பிக்கையையும் நம்மிடம் ஒப்படைக்கின்றனர். அந்நம்பிக்கையைக் காப்பதே உதவும் அறத்தின் உயிர்நிலையாகும். இவ்வுண்மையை, அமெரிக்க ஐக்கிய நாடுகளில் நடைபெறும் ஒருவகை உதவி நிலையங்களைக் கொண்டு ஈண்டு ஆராயப் புகுகின்றோம்.

எதிர்பாராது கருவுற்றுக் கலங்கி நிற்கும் பெண்டிர்க்குத் துணைபுரியும் பொருட்டு அந்நாட்டில் அமைந்தவை கர்ப்பகால நெருக்கடி நிலையங்கள் எனப்படும். ராபர்ட் பியர்சன் என்பார் 1967-ஆம் ஆண்டில் ஹவாயில் ஒன்றை நிறுவினார். அடுத்த ஆண்டில், அண்டை நாடாகிய கனடாவின் டொரொண்டோ நகரில், லூயிஸ் சம்மர்ஹில் அம்மையார் 'பர்த்ரைட்' என்னும் நிலையத்தைத் தொடங்கினார். இன்று ஐக்கிய நாடுகளில் மட்டும் இத்தகைய நிலையங்கள் 2,000-க்கு மேல் உள்ளன. அவற்றுட் பெரும்பாலானவற்றைக் கிறிஸ்தவ அன்பர்களே நடத்துகின்றனர். கர்ப்பச் சோதனை, குழந்தைக்கு வேண்டும் அணையாடைகள், பெற்றோர்க்குரிய பயிற்சி முதலியன அங்கே இலவசமாகக் கிடைக்கின்றன. சிலவற்றில் ஸ்கேன் சோதனையும் உண்டு. வருவோரைக் கருக்கலைப்பினின்று விலக்கி, மகப்பேற்றின்பால் திருப்புவதே நடத்துவோர் நோக்கமாகும்.

அந்நோக்கம் தக்கதோ தகாததோ என்னும் பெருவழக்கை நாம் ஈண்டுத் தீர்க்கப் புகவில்லை. அதற்கும் முற்பட்ட வினா ஒன்றுண்டு. தம் நோக்கம் நன்றென்று உறுதியாக நம்புவோர், அது நிறைவேறும் பொருட்டு உண்மையை மறைக்கலாமோ என்பதே அவ்வினா.

இவ்வினா வெறுங் கற்பனையன்று. பியர்சனின் அமைப்பு 1984-இல் வெளியிட்ட கைந்நூல், நோக்கத்தைக் காட்டாத பொதுப்பெயரை நிலையத்திற்குச் சூட்டுமாறும், கருக்கலைப்புச் செய்வதுண்டோ என்று தொலைபேசியில் வினவுவோர்க்கு நேர்விடை கூறாது தவிர்க்குமாறும் அறிவுறுத்தியது. அமெரிக்கப் பிரதிநிதிகள் சபை உறுப்பினராகிய ஹென்றி வாக்ஸ்மன் பொருட்டு 2006-இல் தயாரிக்கப்பெற்ற அறிக்கையொன்றும் உண்டு. மத்திய அரசின் பொருளுதவி பெற்ற நிலையங்களுள் தொலைபேசி வாயிலாக விசாரிக்கப்பெற்றவை 23. அவற்றுள் 20, தவறான அல்லது மயக்கந்தரும் மருத்துவச் செய்திகளைக் கூறின என்பது அதன் முடிவு. கருக்கலைப்பினால் மார்புப் புற்றுநோய் உண்டாகும் என்பது அச்செய்திகளுள் ஒன்று. அத்தகைய தொடர்பு இல்லையென்று தேசியப் புற்றுநோய் ஆராய்ச்சி நிலையம் கூட்டிய அறிஞர் குழு 2003-இலேயே முடிவு கூறியிருந்தது.

குற்றமற்ற நன்மை விளையுமிடத்துப் பொய்க்கும் திருக்குறளின் வாய்மை அதிகாரத்தில் இடந்தரப்பட்டுள்ளதன்றோ என்று தமிழ் பயிலும் மாணவர் வினவலாம். வினா தக்கதே. ஆயின் 'குற்றமற்ற' என்னும் நிபந்தனையை நாம் மறத்தலாகாது. கருவுற்றவளுக்கு நாட்கள் விரைந்து கழிகின்றன. பொய்யான செய்தியால் அவள் இழக்கும் நாள் மீண்டு வாராது. அதனால் வரும் அச்சத்தையும் நோவையும் சுமப்பவள் அவளேயன்றி, பொய்யுரைத்தவர் அல்லர். பிறர் தலைமேல் விழும் தீங்கை நமது நன்மைக் கணக்கில் எழுதிக் கொள்ளுதல் எவ்வாற்றானும் குற்றமற்றதாகாது.

சட்டம் இதனைத் திருத்தலாகாதோ எனின், அம்முயற்சியும் நடந்ததுண்டு. கலிபோர்னியா மாகாணம் 2015-இல் இயற்றிய சட்டம், லைசென்சு பெறாத நிலையங்கள் அவ்வுண்மையை அறிவித்தல் வேண்டுமென்றும், லைசென்சு பெற்றவை கருக்கலைப்பு உட்பட அரசு அளிக்கும் உதவிகளைப்பற்றி விளம்பரம் வைத்தல் வேண்டுமென்றும் விதித்தது. 2018-இல் உச்ச நீதிமன்றம், ஐவர் ஒருபுறமும் நால்வர் மறுபுறமுமாகப் பிரிந்து, இவ்விதிகள் பேச்சுச் சுதந்திரத்திற்கு மாறானவையாகத் தோன்றுகின்றன என்று நிலையத்தார் பக்கம் தீர்ப்பளித்தது. நீதிமன்றம் காத்தது அவர்தம் உரிமையை. அவ்வுரிமையைக் கொண்டு பொய் சொல்லலாம் என்பது அதன் பொருளன்று. சட்டம் வற்புறுத்தாதவிடத்தும் மனச்சான்று வற்புறுத்துதல் வேண்டும்.

இதனை அந்நிலையத்தாருள்ளும் பலர் உணர்ந்துள்ளனர் என்பதைக் கூறாது விடுதல் நடுநிலையாகாது. விளம்பரத்திலும் பேச்சிலும் உண்மை பிறழோம் என்னும் ஒழுங்குமுறையைப் பல சங்கங்கள் ஏற்றுள்ளன. பர்த்ரைட் நிலையத்தார், இவ்விஷயம்பற்றிய அரசியற் கிளர்ச்சிகளில் தலையிடாது உதவி ஒன்றையே மேற்கொண்டனர். ஆதலின் வாய்மையோடு உதவுதல் இயலாத காரியமன்று.

இனி, வாய்மை ஒன்றே போதுமோ? போதாது. குழந்தையைப் பெறுக என்று கூறியவர், பெற்றபின் யாது செய்வர்? கருக்கலைப்பை நாடிச் சென்ற ஏறக்குறைய 1,000 பெண்களைச் சான்பிரான்சிஸ்கோவிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தார் 5 ஆண்டுகள் தொடர்ந்து ஆராய்ந்தனர். அவர்களுள், நாடியது மறுக்கப்பட்டோர் பல ஆண்டுகள் மிகுதியான பொருள் முட்டுப்பாட்டை அனுபவித்தனர் என்று கண்டனர். அந்நாட்டின் 1993-ஆம் ஆண்டுச் சட்டம் தாய்க்கும் தந்தைக்கும் 12 வார விடுமுறை தருகின்றது. ஆயின் அது சம்பளமில்லா விடுமுறை. சிறு தொழிலகங்களில் உழைப்போர்க்கு அதுவும் இல்லை. அங்கே 1972-இல் தொடங்கிய சத்துணவுத் திட்டமொன்று வறிய கர்ப்பிணிகளுக்கும் 5 வயது வரையிலுள்ள குழந்தைகளுக்கும் உணவு அளிக்கின்றது. துணை இன்னதென்று காட்டுவது இத்தகைய நெடுநாட் பணியே. ஒரு பொதி அணையாடை சில நாட்களில் தீர்ந்துபோம். குழந்தையோ பல்லாண்டு வளர்வது.

இவற்றால் உதவுவோர் தம்மைத்தாமே கேட்டுக்கொள்ள வேண்டிய வினாக்கள் மூன்று பெறப்படுகின்றன. நாம் யார், எதனைச் செய்வோம், எதனைச் செய்யோம் என்பதை வாயிலிலேயே அறிவித்தோமா? அவள் கேட்டதற்கு மருத்துவ உண்மையை உள்ளபடி உரைத்தோமா? அவள் எம்முடிவு கொள்ளினும், நமது அன்பு அவளைவிட்டு நீங்காதிருக்குமா?

மூன்றாவது வினாவே கடினமானது. நம் விருப்பத்திற்கு இணங்கியவரிடம் மட்டும் செல்லும் அன்பு, அன்பின் பெயரால் நடக்கும் பேரமேயாகும்.

இவ்வாராய்ச்சி நமக்கு அயலானதன்று. மிஷன் கல்லூரிகளும் வைத்தியசாலைகளும் ஒரு கையில் தொண்டையும் மறு கையில் கொள்கையையும் ஏந்தி நிற்பன. நம் மாணவர் பலர் நாளை மருத்துவராகவும் ஆசிரியராகவும் சமூகத் தொண்டராகவும் செல்வர். அச்சத்தோடு ஒருத்தி அவர்தம் எதிரே வந்து அமரும் நாளும் வரும். அன்று கொள்கையை விட்டுவிடுமாறு நாம் கூறவில்லை. அதனை மறையாது வெளிப்படச் சொல்லி, அவள் கேட்டதற்கு உண்மை கூறி, அதன்பின்னும் உடன் நிற்பாராயின், அவர் கல்வி பயனுடையதாகும்.