முதல் சீசன் முடித்த ஸ்கெலட்டன் வீரருக்கு

அன்புள்ள தம்பிக்கு,

லேக் பிளாசிடில் கடைசிப் பந்தயம் முடிந்ததும் நீ அனுப்பிய முடிவுப் பட்டியல்களைப் பார்த்தேன். எல்லாவற்றிலும் உன் பெயர் கீழேதான் இருக்கிறது. ‘எனக்கு இது வருமா?’ என்று கேட்டிருக்கிறாய். அதை முடிவுசெய்யும் அளவுக்கு நீ இன்னும் ஐஸையே பார்க்கவில்லை. ஸ்லெட்டில் குப்புறப் படுத்துத் தலை முன்னே போக ஐஸ் டிராக்கில் இறங்கும் ஒரு ரன் ஏறக்குறைய ஒரு நிமிடம். சீசன் முழுக்க நூறு தடவை இறங்கியிருந்தாலும் மொத்தம் இரண்டு மணி நேரம் தேறாது. அதை வைத்து யாருக்கும் தீர்ப்பு எழுத முடியாது.

தென்கொரியாவின் யுன் சுங்பின் 2012இல்தான் ஸ்கெலட்டனுக்கு வந்தார். 2014 சோச்சி ஒலிம்பிக்கில் 16ஆவது இடம். 2018 பியோங்சாங்கில் தங்கம், அதுவும் 1.63 விநாடி வித்தியாசத்தில்! விநாடியில் நூறில் ஒரு பங்கு வித்தியாசத்தில்கூட இடம் மாறும் விளையாட்டு இது. சொந்த நாட்டு டிராக்கில் நிறையப் பழகியது அவருக்குப் பெரிய பலம்.

உன் வீடியோக்களைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன். வளைவுக்குள் நுழைந்ததுமே பதறிப்போய்த் தோளை அழுத்துகிறாய். ஸ்லெட்டின் சட்டம் முறுகுகிறது, அதன் அடியிலுள்ள எஃகுக் கம்பியான ரன்னரின் பின்பகுதி ஐஸைக் கீறுகிறது, வால் வெளியே வீசுகிறது. அதைப் பிடிக்க மறுபக்க முழங்காலை அழுத்துகிறாய். அதுவும் போதாமல் கால்விரலை ஊன்றுகிறாய். ஒரே பயத்துக்கு மூன்று தடவை நேரத்தைக் கொடுக்கிறாய். நன்றாக ஓட்டுபவர்களின் உடம்பைக் கவனி, பாதி வளைவுகளில் அவர்கள் எதுவும் செய்வதாகவே தெரியாது. ஸ்லெட் தானே போகட்டும் என்று விடுவதற்குத்தான் அதிகத் தைரியம் வேண்டும்.

ஐஸ் இல்லாத நாளிலும் டிராக்கைப் பழகலாம். கண்ணை மூடி, ஸ்டாப் வாட்சை அழுத்திவிட்டு, லேக் பிளாசிட் டிராக்கின் இருபது வளைவுகளையும் மனதுக்குள் ஓட்டு. உண்மையான நேரத்தைவிட வெகு முன்னதாக முடித்துவிட்டால், எங்கோ ஒரு வளைவை விழுங்கிவிட்டாய். எது என்று தேடு. கோடையில் ஸ்பிரிண்ட் பயிற்சியை விடாதே, தொடக்கத்தில் ஸ்லெட்டைத் தள்ளும் வேகம் அங்கேதான் வரும்.

தலைவலி பற்றி ஒரே வரியில் எழுதிவிட்டுக் கடந்துபோயிருக்கிறாய். எனக்கு அது சரியாகப் படவில்லை. மோவாய் ஐஸுக்கு மேலே சில அங்குலத்தில். வளைவின் அழுத்தத்தில் தலை கீழே இழுபடும். அதிர்வு முழுக்க மண்டைக்குள். வீரர்கள் இதை ‘ஸ்லெட் ஹெட்’ என்று சாதாரணமாகச் சொல்லிக்கொண்டு மறுநாளும் இறங்குகிறார்கள். நீ அப்படிச் செய்யாதே. அணியில் இடம் போய்விடும் என்று மறைக்காதே. தலை மந்தமாக இருந்தால், வெளிச்சம் கூசினால், அன்றைக்கு ரன் வேண்டாம் என்று பயிற்சியாளரிடம் சொல், மருத்துவரைப் பார். உன் தரவரிசையை நான் பொருட்படுத்தவில்லை, இதைப் பொருட்படுத்துகிறேன்.

இந்த வாரமே மருத்துவரிடம் போய்விட்டு, அவர் சொன்னதை எனக்கு எழுது. மற்றதை அப்புறம் பேசலாம்.

அன்புடன்,
அண்ணன்