பிரேக்கின் ஓசையும் அழுத்தமும்

மோட்டார் வண்டியை ஓட்டும் யந்திரத்தைப் பற்றிப் பேசுவோர் பலர். அதனை நிறுத்தும் கருவியைப் பற்றிச் சிந்திப்போர் சிலரே. ஓடாத வண்டி வீட்டிற் கிடக்கும். நில்லாத வண்டியோ உயிருக்கே உலை வைக்கும். ஆதலின், பிரேக்கில் எழும் ஓசைக்கும் அழுத்தக் குறைவிற்கும் காரணம் ஆராயும் முறையினை, நாம் நேரிற் கண்ட நிகழ்ச்சியொன்றைக் கொண்டு ஈண்டு விளக்கக் கருதுகின்றோம்.

மூடிய பாத்திரத்திலுள்ள திரவத்தில் ஓரிடத்திற் செலுத்திய அழுத்தம் எல்லாத் திசையிலும் குறையாது பரவும் என்பது, 17-ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சு அறிஞர் பாஸ்கல் கண்ட விதி. பௌதிக வகுப்பில் நாம் பயிலும் இவ்விதியே, 1921-இல் அமெரிக்காவின் டியூசன்பர்க் வண்டியில் நான்கு சக்கரங்களையும் நிறுத்தும் பிரேக்காக உருப்பெற்றது. மிதியை அழுத்துங்கால் மாஸ்டர் சிலிண்டரிலுள்ள பிஸ்டன் திரவத்தைத் தள்ளுகின்றது. அவ்வழுத்தம் உலோகக் குழாய்களையும் அவற்றின் முனையிலுள்ள ரப்பர்க் குழாயையும் கடந்து சக்கரத்தை அடைய, ஆண்டுள்ள பேடுகள் டிஸ்கை இருபுறமும் கவ்வுகின்றன. மிதியை விட்டதும் அவ்வழுத்தம் நீங்கித் திரவம் மீளல் வேண்டும். தள்ளுதல் மட்டுமன்று, மீளுதலும் பிரேக்கின் தொழிலே என்பதை மாணவர் மறவாதிருக்க.

பெரம்பலூரிலுள்ள நம் நண்பரொருவர் இருவர் அமரும் பழைய டிரையம்ஃப் ஸ்பிட்ஃபயர் வண்டியொன்றைப் பேணி வருகின்றார். 1962 முதல் 1980 வரை இங்கிலாந்தில் செய்யப்பட்ட வகை அது. 1961 முதல் சென்னையில் ஸ்டாண்டர்டு ஹெரால்டு என்னும் பெயரால் வெளிவந்த காருக்கு நெருங்கிய உறவினது. முன்சக்கரங்களில் டிஸ்கும் பின்சக்கரங்களில் டிரம்மும் உடையது. சில மாதங்களாக அதன் இடது முன்சக்கரத்தில் கிரீச்சென்னும் ஓசை எழுந்தது. சிமெண்டு ஆலைகளுக்குச் சுண்ணாம்புக்கல் ஏற்றிச்செல்லும் லாரிகளால் அரியலூர்ப் பக்கத்துச் சாலைகளில் வெண்புழுதி படிந்திருத்தல் கண்கூடு. அப்புழுதியே காரணம் என நண்பர் கருதிப் பேடுகளை மாற்றினார். ஓசை சில நாள் அடங்கிற்று, பின் மீண்டது. இரண்டாம் முறையும் மாற்றினார், பயனில்லை.

ஒருநாள் நண்பகலில் அவருடன் நாமும் அரியலூருக்குப் புறப்பட்டோம். பாதி வழியில் ஓசை தோன்றிற்று. மிதியினின்று காலை எடுத்த பின்னும் அது ஓயவில்லை. அதுவே முதற் குறிப்பு; நாம் அதனைப் பொருட்படுத்தினோமில்லை. ஊரை நெருங்குகையில் முன்சென்ற லாரி வேகங் குறைத்தது. நண்பர் மிதியை அழுத்தினார். அது எதிர்ப்பின்றித் தரைமட்டும் தாழ்ந்தது. மும்முறை விரைந்து மிதித்துக் கைப்பிரேக்கையும் இழுத்த பிறகே வண்டி நின்றது. லாரிக்கும் எமக்கும் இடையே ஒரு முழந்தான் இருந்தது.

புளியமரத்து நிழலில் அரைமணி நேரம் கழிந்ததும் மிதி பழையபடி கெட்டியாயிற்று. “சரியாகிவிட்டதே, போகலாம்” என்றார் நண்பர். நல்வேளையாக அருகிலிருந்து வந்த முதிய மெக்கானிக் அதற்கு இசையவில்லை. ஒவ்வொரு சக்கரத்தின் அருகிலும் புறங்கையை நீட்டிப் பார்த்தார். ஏனைய மூன்றும் ஆறியிருக்க, இடது முன்சக்கரம் இன்னும் அனல் வீசியது. “சத்தத்தைக் கேட்டது போதும், ஐயா, சூட்டைப் பாருங்கள்” என்றார்.

பின்பு அச்சக்கரத்தை ஜாக்கியால் உயர்த்தி, மிதியை ஒருமுறை அழுத்திவிடச் செய்தார். சக்கரம் சுழல மறுத்தது. ரப்பர்க் குழாயின் மேன்முனையில் உலோகக் குழாய் சேருமிடத்தைச் சிறிது தளர்த்தினார், சக்கரம் அசையவில்லை. ஆகவே குறை மாஸ்டர் சிலிண்டரில் இல்லை. அடுத்துச் சக்கரத்திலுள்ள பிளீடர் நிப்பிளைத் தளர்த்தினார். திரவம் பீறிட்டது, சக்கரமும் விடுபட்டது. ஆகவே பிஸ்டனும் சிக்கவில்லை. இரண்டிற்கும் இடைப்பட்டது ரப்பர்க் குழாய் ஒன்றே. வெளியே பழுதின்றித் தோன்றிய அது, உள்ளே வீங்கி, திரவத்தைப் போகவிட்டு மீளவொட்டாது தடுத்தது.

இனிக் காரணகாரியத் தொடர்பு விளங்கும். அழுத்தம் மீளாமையாற் பேடுகள் டிஸ்கை உரசின. உரசலால் ஓசையும் உஷ்ணமும் பிறந்தன. உஷ்ணத்தால் திரவம் கொதித்தது. பிரேக் ஆயில் என்று நாம் வழங்குவது உண்மையில் எண்ணெயன்று; காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. டாட் 3 என்னும் வகையின் கொதிநிலை, புதிதாயிருக்கையில் 205 டிகிரி செல்சியசுக்குக் குறைதலாகாது, 3.7 விழுக்காடு நீர் சேர்ந்தபின் 140 வரை குறைய இடமுண்டு. கொதித்தெழுந்த ஆவி அமுங்குவதால் மிதி தாழ்ந்தது. ஆறியதும் ஆவி மீண்டும் திரவமாகி மிதி எழுந்தது. ஓசையும் அழுத்தக் குறைவும் இரு நோயல்ல. ஒரு நோயின் இரு குறிகளே.

பிற குறிகளையும் அறிதல் நலம். மிதி பஞ்சுபோல் அமுங்கின், குழாயிற் காற்றுப் புகுந்திருக்கலாம். இரண்டாம் மிதியில் உயர்ந்து நிற்பின், பின்டிரம்மில் லைனிங்கின் இடைவெளி மிகுந்திருக்கலாம். அழுத்திய கால் மெல்ல மெல்லத் தாழ, வெளியே கசிவும் இல்லையாயின், மாஸ்டர் சிலிண்டரின் ரப்பர் தேய்ந்திருக்கலாம். இரும்பு அராவும் ஓசை கேட்பின், பேடோ லைனிங்கோ முற்றுந் தேய்ந்ததென ஐயுற்று உடனே நிறுத்துக. பழைய லைனிங்குகளில் ஆஸ்பெஸ்டாஸ் கலந்திருத்தல் கூடுமாதலின், அத்தூளை வாயால் ஊதுதலும் காற்றடித்து நீக்குதலும் தகா.

நண்பர் இருபுறத்து ரப்பர்க் குழாய்களையும் மாற்றி, பழந்திரவத்தை அகற்றிப் புதியது நிரப்பி, காற்றையும் நீக்குவித்தார். ஓசை மீளவில்லை. இருமுறை பேடு வாங்கிய பொருட்செலவு பெரிதன்று. காரணத்தை ஆராயாது புழுதியின்மேற் பழி சுமத்தியமையால் இருவர் உயிர் ஒரு முழ இடைவெளியில் தொங்கிற்றே, அதுவே பெரிது. தாழ்ந்த மிதி தானே உயர்ந்தது கண்டு மகிழற்க. ஏன் தாழ்ந்தது என்பதை அறியும் வரை வண்டியை நகர்த்தாதிருத்தலே அறிவுடைமை.