எல்லாப் பழைய காரும் விண்டேஜ் இல்லை

ஞாயிற்றுக்கிழமை காலையில் சென்னையிலோ கோவையிலோ பழைய கார்க்காரர்கள் ஒன்றுசேர்ந்து ஊர்வலமாகக் கிளம்பினால், சாலையோரம் கூட்டம் கூடிவிடும். செல்போனில் படம் எடுத்தபடியே ஆளுக்கொரு பெயரும் வருஷமும் சொல்வார்கள். "வெள்ளைக்காரன் காலத்து வண்டி" என்று அடித்துச் சொல்லப்படும் கார், பல நேரம் சுதந்திரத்துக்குப் பிறகு இந்தியத் தொழிலாளர்கள் செய்ததாக இருக்கும். தப்பான பெயரோடு படம் பரவினால், அந்த வண்டியைச் செய்தவர்களின் கதையும் மறைந்துபோகிறது. அடிக்கடி காதில் விழும் நம்பிக்கைகள் சிலவற்றைச் சரிபார்க்கலாம்.

நம்பிக்கை: பழைய கார் என்றாலே விண்டேஜ்.

உண்மை: ஆர்வலர்கள் பின்பற்றும் வகைப்பாட்டில், 1919 முதல் 1930 வரை தயாரானவைதான் விண்டேஜ். 1920களின் ஆஸ்டின் செவன், ஃபோர்டு மாடல் ஏ போன்றவை இதில் வரும். அதற்கு முந்தையவை வெட்டரன். பிந்தையவை போஸ்ட் விண்டேஜ், கிளாசிக் எனப் பிரிகின்றன. அரசாங்கத்தின் கணக்கு வேறு. 2021-இல் திருத்தப்பட்ட மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி, முதல் பதிவு நடந்து 50 ஆண்டுகள் கடந்த, மூல வடிவம் கெடாத இருசக்கர, நான்கு சக்கர வாகனங்கள் விண்டேஜ் ஆகும். அவற்றுக்கு 'விஏ' என்ற எழுத்துகளோடு தனி நம்பர் உண்டு. ஆக, 1970-இல் பதிவான ஒரு ஃபியட், ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் விண்டேஜ், ஆர்வலர்கள் கணக்கில் கிளாசிக்.

நம்பிக்கை: நம்பர் பிளேட்டைப் பார்த்தால் வயது தெரிந்துவிடும்.

உண்மை: பிளேட் சொல்வது வண்டி பதிவான கதையை மட்டும்தான். வேறு மாநிலத்திலிருந்து வாங்கிவந்த கார் இங்கே புது நம்பர் பெற்றிருக்கும். சமஸ்தானத்தில் ஓடிய கார் பல வருஷம் கழித்து வேறு கைக்கு மாறி, அப்போது மறுபதிவாகியிருக்கலாம். பழைய மெட்ராஸ் நம்பர் இருந்தால் அது ஒரு தடயம், அவ்வளவே.

நம்பிக்கை: பீட்டில், மோரிஸ் மைனர் எல்லாம் கடைசிவரை ஒரே மாதிரி. வருஷம் கண்டுபிடிக்க முடியாது.

உண்மை: கண்ணாடியைப் பார்த்தாலே பாதி வேலை முடிந்துவிடும். ஃபோக்ஸ்வேகன் பீட்டிலின் பின்கண்ணாடி 1953 மார்ச் வரை நடுவில் கம்பியோடு இரண்டு துண்டாக இருந்தது. பிறகு முட்டை வடிவில் ஒரே கண்ணாடி. 1958 மாடலிலிருந்து அகலமான செவ்வகம். இந்த பீட்டில் மெக்சிகோவில் 2003 வரை தயாரானது என்பதால், உருவத்தை மட்டும் வைத்து '1940 மாடல்' என்று சொல்லிவிடக் கூடாது. மோரிஸ் மைனரிலும் இரண்டு துண்டு முன்கண்ணாடி இருந்தால் பழசு. 1956-இல் மைனர் 1000 வந்தபோது அது வளைந்த ஒற்றைக் கண்ணாடியாக மாறியது. 1950களில் வந்த ஃபியட் 1100-க்குக் கதவே சாட்சி: முன்கதவின் கீல் நடுத்தூணில் இருப்பதால், கதவு பின்பக்கமாகத் திறக்கும். பின்னாளில் பத்மினி என்று பெயர் பெற்ற மாடலில் அப்படி இல்லை.

நம்பிக்கை: ஹெரால்டு, இங்கிலாந்திலிருந்து கப்பலில் வந்த கார்.

உண்மை: வடிவமைத்தவர் இத்தாலியின் ஜியோவானி மிக்கெலொட்டி; ட்ரையம்ஃப் ஹெரால்டாக அது பிறந்த இடம் இங்கிலாந்து. ஆனால் நம் ஊர்வலங்களில் ஓடுவது பெரும்பாலும் ஸ்டாண்டர்டு ஹெரால்டு. 1961 முதல் சென்னையில் ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் தயாரித்தது. வருஷத்துக்கு வருஷம் உள்நாட்டு உதிரிபாகங்கள் கூடிக்கொண்டே போயின. இங்கிலாந்தில் விற்ற ஹெரால்டு செடானுக்கு எப்போதும் இரண்டே கதவுகள். நான்கு கதவு செடான், 1960களின் பிற்பகுதியில் இந்தியாவுக்கென்றே செய்யப்பட்டது. எனவே நான்கு கதவு ஹெரால்டைப் பார்த்தால், சென்னைத் தொழிலாளர்களின் கைவேலை என்று தயங்காமல் சொல்லலாம்.

பானெட்டைத் திறக்கச் சொல்லிப் பார்ப்பது நல்லது. பக்கவாட்டுக் கொக்கிகளை விடுவித்தால் மட்கார்டு, ஹெட்லைட் எல்லாமாகச் சேர்ந்து முன்பாகம் மொத்தமும் முன்பக்கம் கவிழும். எஞ்சின், முன்சக்கரம், ஸ்டியரிங் இணைப்புகள் அனைத்தும் கைக்கெட்டும் தூரத்தில் வெட்டவெளியில் நிற்கும். மெக்கானிக்குகளுக்கு இந்த வண்டி ஏன் பிடித்தது என்பது அப்போது புரியும்.

நம்பிக்கை: பேட்ஜும் பொம்மையும் பொய் சொல்லாது.

உண்மை: பானெட் மேலிருக்கும் பொம்மையைக் கடையில் வாங்கியும் பொருத்தலாம். அமெரிக்காவின் கிரைஸ்லர் கம்பெனி, ஏறத்தாழ ஒரே பாடியை பிளைமவுத், டாட்ஜ் கிங்ஸ்வே, டிசோட்டோ டிப்ளமேட் என்று வெவ்வேறு பெயர்களில் விற்றது. ரோல்ஸ் ராய்ஸ் விஷயமும் கவனத்துக்குரியது. போருக்கு முன் அந்தக் கம்பெனி சேசிஸை மட்டுமே விற்றது. பார்க்கர், ஹூப்பர் போன்ற பாடி பில்டர்கள் உடலைக் கட்டினார்கள். எனவே ஒரே மாடல் இரண்டு வண்டிகளில் இரண்டு தோற்றத்தில் நிற்கும். ஹென்றி ராய்ஸ் 1933-இல் இறந்த துக்கத்தால் பேட்ஜின் சிவப்பு எழுத்து கறுப்பானது என்பதும் கட்டுக்கதை. அந்த மாற்றம் அவர் உயிரோடு இருந்தபோதே முடிவானது.

நம்பிக்கை: பழைய ஜீப் என்றால் உலகப் போரில் ஓடியது.

உண்மை: முகத்தில் இருக்கும் இடைவெளிகளை எண்ணினால் போதும். போர்க்கால வில்லிஸ், ஃபோர்டு ஜீப்களின் தகட்டு கிரில்லில் ஒன்பது; போருக்குப் பின் பொதுமக்களுக்காக வந்த சிஜே வகையில் ஏழு. பின்பக்கத்தில் திறந்து மூடும் கதவு இருந்தாலும் அது போர் ஜீப் இல்லை. பானெட் உயர்ந்து நிற்பது சிஜே 3பி. அதன் வழிவந்த ஜீப்களை மஹிந்திரா பல பத்தாண்டுகள் இங்கேயே தயாரித்தது.

நம்பிக்கை: எஞ்சின் மாறியிருந்தால் வண்டியே போலி.

உண்மை: இறக்குமதிக் கட்டுப்பாடு இருந்த காலத்தில் உதிரிபாகம் கிடைக்காமல், கைக்குக் கிடைத்த எஞ்சினைப் பொருத்தி வண்டியை ஓட்டியவர்கள் ஏராளம். அதை ஒளிக்க வேண்டியதில்லை. அரசின் விண்டேஜ் பதிவுக்குச் சிக்கல் வரலாம் என்பது தனி விஷயம். அடையாளத்துக்கு முக்கியம் சேசிஸ் நம்பர். பீட்டிலில் அது பின்சீட்டுக்கு அடியில், தரையின் நடுத்தண்டில் பொறிக்கப்பட்டிருக்கும். தேநீருக்கு வண்டிகள் நிற்கும்போது உரிமையாளரிடம் கேட்டால், பெரும்பாலானோர் சீட்டைத் தூக்கிக் காட்டி, ஆர்.சி. புக்கோடு ஒப்பிட்டும் சொல்வார்கள். எஞ்சினை எந்த வருஷம், எந்தப் பட்டறையில் மாற்றினார்கள் என்பதையும் அப்போதே கேட்டு எழுதிவைத்துக்கொள்ளலாம்.