தபஜோஸ் ஆற்று மணற்கரை

காரைக்குடி வட்டாரம் வற்றாத ஆறு இல்லாத வறண்ட பூமி. மழைக்காலத்து நீரைக் கண்மாய்களிலும் ஊருணிகளிலும் தேக்கி, ஆண்டு முழுவதும் அளவறிந்து செலவிடுதல் அங்குள்ளோர் வழக்கம். அம்மண்ணில் பிறந்த ஒருவர் தென் அமெரிக்காவின் அமேசான் மழைக்காட்டுக்குச் செல்வாராயின், எங்கும் நீரும் மரமுமாய் விளங்கும் காட்சி கண்டு வியப்படைவார். எனினும், அக்காட்டின் ஆறு ஒன்று செட்டிநாட்டுக்கு முற்றிலும் அயலானதன்று.

அமேசானின் துணையாறாகிய தபஜோஸ், பிரேசில் நாட்டில் ஓடுகிறது. அதன் கரையில், சாந்தரேம் நகருக்கு அணித்தே அமைந்துள்ளது ஆல்டர் டோ சாவோ என்னும் சிற்றூர். அது போராரி என்னும் பழங்குடியினரின் ஊர். ஆண்டிஸ் மலையின் வண்டலைச் சுமந்து வரும் அமேசான் பழுப்பு நிறமுடையது. பழமையான பாறை நிலத்தின் வழியே வரும் தபஜோஸ் தெளிந்த நீலநிறமுடையது. சாந்தரேமுக்கு எதிரே இரண்டும் கூடியும், நெடுந்தொலைவு கலவாமல் இருநிறமாய் ஓடுகின்றன.

மழைக்காலத்தில் தபஜோஸ் பல மீட்டர் உயர்ந்து கரையோரக் காட்டினுள் புகும். ஆகஸ்டுத் திங்கள் அளவில் நீர் வடியத் தொடங்கியதும், ஊருக்கு எதிரே வெண்மணல் திட்டு தலைகாட்டும். கடலோ நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. ஆயினும் கடற்கரையே அங்கு வந்துவிட்டதோ என ஐயுறத் தோன்றும். படகோட்டிகள் துடுப்பு வலித்து மக்களை அத்திட்டுக்கு அழைத்துச் செல்வர். மீண்டும் ஆறு பெருகியதும் மணல் மறைந்துவிடும்.

இவ்வாற்றங்கரைக் காடுகளில் இரப்பர் மரம் இயல்பாக வளர்கிறது. 1876ஆம் ஆண்டில் விக்காம் என்னும் ஆங்கிலேயர் இப்பகுதியிலிருந்து ஏறத்தாழ 70,000 விதைகளை இலண்டனுக்குக் கொண்டு சென்றார். முளைத்தவை மூவாயிரத்துக்கும் குறைவே. அவற்றுட் பெரும்பாலான கன்றுகள் இலங்கைக்கு அனுப்பப்பட்டன. 1877இல் 22 கன்றுகள் சிங்கப்பூரை அடைந்தன. பின்னர் மலேயா எங்கும் இரப்பர்த் தோட்டங்கள் எழுந்தன. தமிழ்த் தொழிலாளர் காடு திருத்திப் பால் வெட்டினர். செட்டிநாட்டு வணிகர் பொருள் கொடுத்தும் தோட்டங்கள் வாங்கியும் வளம் பெற்றனர். அவ்வளத்தின் ஒரு பகுதி காரைக்குடிப் பக்கத்து மாளிகைகளாக உயர்ந்தது.

விதையை ஈந்த காட்டுக்கோ அந்நலம் கிட்டவில்லை. 1928இல் அமெரிக்கச் செல்வர் ஹென்றி ஃபோர்டு தபஜோஸ் கரையில் பெருந்தோட்டம் அமைத்தார். காட்டில் தனித்தனியே நிற்கும் மரங்களை நெருக்கி நட்டமையால், இலைநோய் எளிதிற் பரவி அவற்றை அழித்தது. 1945இல் அம்முயற்சி கைவிடப்பட்டது. காட்டின் ஒழுங்கை மதியாத செல்வம் அங்குத் தோல்வியுற்றது.

இன்று அவ்வாற்றுக்கு வேறோர் இடர் நேர்ந்துள்ளது. மேற்பகுதியில் பொன் தோண்டுவோர் பயன்படுத்தும் பாதரசம் நீரிற் கலந்து மீன்களின் உடலிற் சேர்கிறது. மீனோ கரைவாழ் மக்களின் அன்றாட உணவு. 2022ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஆல்டர் டோ சாவோவின் தெளிந்த நீரும் கலங்கியது கண்டு ஊரார் கவலையுற்றனர்.

குடிநீர் ஊருணியில் கால் நனைப்பதும் தகாது என்பது செட்டிநாட்டு மக்கள் கண்ட நெறி. ஊருணிக்கு ஏற்ற அந்நெறி பேராற்றுக்கும் ஏற்றதே. நீர் மிகுந்த நாடாயினும், நீரைப் பேணாத நாடு வறண்ட நாடே ஆகும்.