'பிளாக்பஸ்டர்': ஒரு சொல்லின் வரலாறு

திடீரென்று பெருவெற்றி பெற்ற திரைப்படத்தையோ நூலையோ ஆங்கிலப் பேச்சுவழக்கில் 'பிளாக்பஸ்டர்' என்பர். நம் ஊர்ச் சுவரொட்டிகளிலும் இச்சொல் ஏறிவிட்டது. இதற்குப் பொருள் யாது என்று வகுப்பில் வினவியபோது, "டிக்கெட் வாங்க நிற்கும் வரிசை தெருவையே வளைத்துக்கொள்வதால் வந்த பெயர், ஐயா" என்றார் ஒரு மாணவர். அழகான விளக்கம். பலரும் நம்புவதும் இதுவே. ஆனால் உண்மை அன்று.

'பிளாக்' என்பது நாற்புறமும் தெருக்கள் சூழ்ந்த கட்டடத் தொகுதி; 'பஸ்டர்', அதைத் தகர்ப்பது. இரண்டாம் உலகப்போரில் பிரிட்டிஷ் விமானப்படை வீசிய 4,000 பவுண்டு (ஏறத்தாழ 1,800 கிலோ) குண்டுக்குச் செய்தித்தாள்கள் இட்ட பெயர் இது. 1941-இல் ஜெர்மனியின் எம்டன் நகர்மீது அவ்வகைக் குண்டு முதன்முதலில் விழுந்தது. (1914-இல் சென்னையைத் தாக்கிய கப்பல் இந்நகரின் பெயரைத் தாங்கியதே. 'அவன் பெரிய எம்டன்' என்று நாம் சொல்வதும் போர் தந்த சொல்தான்!)

அக்குண்டின் உறை மெல்லியது. எடையில் பெரும்பகுதி வெடிமருந்தே. கூரை ஓடுகளையும் சன்னல்களையும் பெயர்த்தெறிவது அதன் வேலை. கூடவே வீசப்படும் சிறு தீக்குண்டுகள் திறந்த கூரை வழியே வீட்டினுள் விழுந்து பற்றிக்கொள்ளும். 'பிளாக்' என்று பத்திரிகைகள் சுருக்கமாக எழுதியது, மக்கள் சமைத்து உண்டு உறங்கிய வீடுகளைத்தான் என்பதை நாம் நினைவிற் கொள்ளவேண்டும்.

போர் முடியும்வரைகூட விளம்பரக்காரர்கள் காத்திருக்கவில்லை. 1943-இல் வெளிவந்த 'பம்பார்டியர்' என்னும் ஹாலிவுட் படத்தின் விளம்பரத்திலேயே இச்சொல் புகழுரையாகிவிட்டது. அது குண்டுவீச்சு வீரர்களைப் பற்றிய படம். ஆகவே சொல் எளிதாகப் பொருந்தியது. பின்னர் எந்தப் படத்திற்கும் பொருந்தலாயிற்று. 1975-இல் 'ஜாஸ்' பெற்ற வெற்றிக்குப்பின், பெருஞ்செலவில் எடுத்து நாடெங்கும் ஒரே நாளில் வெளியிடும் படவகைக்கே பெயராக நிலைத்தது.

மாணவர்கள் ஒன்றில் கவனமாக இருத்தல் நலம். குண்டைக் குறிக்கும் 'பாம்' என்ற தாய்ச்சொல் இப்படி ஒரே வழியில் செல்லவில்லை. ஒரு நாடகம் 'பாம்' என்று அமெரிக்கர் சொன்னால் அது படுதோல்வி. 'பாம் போலச் சென்றது' என்று ஆங்கிலேயர் சொன்னால் அமோக வெற்றி. எழுதியவர் எந்நாட்டார் என்று பார்த்தபின்னரே பொருள் எழுதுக.