பழைய பூலுக்கு வேலி வேண்டாமாம்!

செப்டெம்பர் பிறந்து சிட்னியில் வெயில் கொஞ்சம் ஏறினால் போதும், எனக்கு வரும் அழைப்புகள் பல இப்படித்தான் தொடங்கும்: "அண்ணை, எங்கட பூல் தொண்ணூறாம் ஆண்டுக்கு முந்திக் கட்டினது. அதுக்கு வேலி தேவையில்லைதானே?" கேள்வி மாதிரி ஒலிக்கும், ஆனால் கேள்வி அல்ல. வீட்டை விற்ற ஏஜென்ட் சொல்லிவிட்டார், பக்கத்து வீட்டுக்காரர் சொல்லிவிட்டார், கோயிலில் சந்தித்த ஒருவர் தன் வீட்டிலும் அப்படித்தான் என்று சத்தியமே செய்துவிட்டார். பூல் வேலிகளைப் பரிசோதித்துச் சான்றிதழ் கொடுக்கிற நான் தலையாட்ட வேண்டியதுதான் பாக்கி. ஆட்ட மாட்டேன்.

பழைய பூலுக்கு வேலியே வேண்டாம் என்று நியூ சவுத் வேல்ஸ் சட்டத்தில் எங்கும் எழுதப்படவில்லை. 1992ஆம் ஆண்டின் நீச்சல் குளச் சட்டம் சொல்வது வேறு. 1990 ஆகஸ்ட் 1ஆம் தேதிக்கு முன் கட்டிய பூல் என்றால், வீட்டுக்கும் பூலுக்கும் நடுவில் தனி வேலி இல்லாததை அது பொறுத்துக்கொள்கிறது. அவ்வளவுதான். தெருப் பக்கமும் அயல் வீட்டுப் பக்கமும் வேலி இருந்தே ஆக வேண்டும். வீட்டுப் பக்கத்துச் சலுகையும் சும்மா வருவதில்லை. அங்கே வேலி இல்லை என்றால் வீட்டுச் சுவர்தான் வேலி, பூலைப் பார்த்த கதவு ஒவ்வொன்றும் ஒரு கேட். கதவு தானாக மூட வேண்டும், தானாகக் கொளுவ வேண்டும், கொளுவி குழந்தைக்கு எட்டக் கூடாது. நாய் போய்வர அடியில் துளை வெட்டிய கதவு எடுபடாது. ஜன்னல் என்றால் 10 சென்டிமீட்டருக்கு மேல் திறக்காதபடி பூட்டு வேண்டும், அல்லது கழற்ற முடியாத கம்பி வலை வேண்டும்.

இப்போது நம் வீடுகளின் பின்பக்கத்தைப் பாருங்கள். அகலமான கண்ணாடித் தள்ளுகதவு. அதைத் தாண்டினால் பெர்கோலாவின் கீழே இரண்டாவது குசினி; மீன் பொரிப்பதும் இறைச்சிக் கறி வைப்பதும் அங்கேதான். உள்ளிருந்து சட்டி போகிறது, வெளியிலிருந்து தட்டு வருகிறது, கதவு காலையிலிருந்து திறந்தே கிடக்கிறது. கீழ்த் தண்டவாளத்தில் தூசும் அரிசி மணியும் அடைந்து, தள்ளினாலும் பாதி வழியில் நிற்கிறது. தானாக மூடுவதற்கு யாரோ ஒரு காலத்தில் பூட்டிய ஸ்பிரிங், கையில் தட்டுடன் வருகிறவர்களின் முதுகில் இடிக்கிறது என்று கழற்றப்பட்டு, கராஜ் தட்டில் பெயின்ட் டின்னுக்குப் பக்கத்தில் பத்திரமாக இருக்கிறது. பரிசோதனை நாளன்று திரும்பப் பூட்டலாம் என்ற நல்ல எண்ணம். இந்தக் கதவை நம்பித்தான் "எங்களுக்குச் சட்டத்தில விலக்கு இருக்கு" என்கிறார்கள்.

அந்த விலக்கும் நிரந்தரச் சொத்து அல்ல. பூலைப் பெருமளவு மாற்றிக் கட்டினால் போய்விடும். இருக்கிற வேலியைப் பெருமளவு பிரித்துக் கட்டினாலும், இனிப் பழைய அளவுகோலைக் காட்டித் தப்ப முடியாது. இன்றைய விதிதான். வீட்டின் முந்தைய சொந்தக்காரர் என்னென்ன செய்தார் என்று பலருக்குத் தெரியாது. தரையில் புதுக் கல் பதித்தபோது அழகாக இருக்கிறது என்று பார்த்தார்களே தவிர, தரை ஐந்து சென்டிமீட்டர் உயர்ந்ததை யாரும் பார்க்கவில்லை. எல்லை வேலியைப் பூல் வேலியாகக் கணக்குக் காட்டினால் உள்பக்கத்திலிருந்து அளந்து 180 சென்டிமீட்டர் வேண்டும். 180 இருந்த கலர்பாண்ட் வேலி கல் பதித்த பின் 175 ஆகிவிட்டது. தோல்வி.

இதற்கு ஒரு தம்பி வதந்தியும் உண்டு: காணி சின்னது என்றால் விலக்கு, மிகப் பெரியது என்றால் விலக்கு, ஆற்றங்கரை என்றால் விலக்கு என்று. 230 சதுர மீட்டருக்குக் குறைந்த காணிக்கும், 2 ஹெக்டேர் அல்லது அதற்கு மேற்பட்ட காணிக்கும், நீர்முகப்புக் காணிக்கும் ஒரு காலத்தில் அப்படி இருந்தது உண்மை. 2010 ஜூலை 1க்குப் பின் கட்டிய பூல்களுக்கு அது கிடையாது.

சட்டத்தை ஒரு பக்கம் வையுங்கள். நாலு பக்கமும் பூலைச் சுற்றிய வேலியையும், வீட்டை ஒரு பக்கமாக வைத்த மூன்று பக்க வேலியையும் ஒப்பிட்ட ஆய்வுகளைத் திரட்டி காக்ரேன் அமைப்பு ஒரு மதிப்பாய்வு வெளியிட்டது. மூன்று பக்க வேலியோடு ஒப்பிட்டால், நாலு பக்க வேலி உள்ள பூலில் குழந்தை மூழ்கும் வாய்ப்பு ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவு. காரணம் தேட வேண்டியதில்லை. குழந்தை தெருவிலிருந்து ஏறிக் குதித்து வருவதில்லை. உங்கள் சாப்பாட்டு மேசைக்கு அடியிலிருந்துதான் போகிறது. ஆகவே 1990 தேதியைக் காட்டி என்னோடு வாதாடுவதை விட்டுவிட்டு, அந்த ஒரு பக்கத்துக்கு வேலி போடுங்கள். வாடகைக்கு விடும்போதோ விற்கும்போதோ எப்படியும் என்னைப் போன்ற ஒருவர் வந்து அளக்கத்தான் போகிறார். 2016 ஏப்ரல் 29 முதல், பூல் உள்ள தனி வீட்டை விதிக்கு ஏற்றது என்ற செல்லுபடியான சான்றிதழ் இல்லாமல் வாடகைக்கு விட முடியாது. விற்பதற்கு மட்டும் 'விதிக்கு ஏற்றதல்ல' என்ற சான்றிதழை ஒப்பந்தத்தோடு இணைக்கலாம், ஆனால் வாங்கியவர் 90 நாளில் சரிசெய்தாக வேண்டும். அப்படி வாங்கிவிட்டுத் தலையில் கை வைத்த நம்மவர்கள் இருக்கிறார்கள். தரகர் சிரித்த முகத்தோடு நீட்டுகிற தாளில் எந்தச் சான்றிதழ் இருக்கிறது என்று வாசித்துப் பாருங்கள்.

மற்றவை வேகமாக.

"எங்கட வீட்டில சின்னப் பிள்ளையள் இல்லை." சட்டம் உங்கள் பிள்ளைகளின் வயதைக் கேட்கவில்லை. பிறந்தநாள் விழாவுக்கு வருகிறவர்களின் பிள்ளைகளை என்ன செய்வீர்கள்?

"இது காற்றடிக்கிற பூல், கால் நனையத்தான் தண்ணி விடுறது." எவ்வளவு விட்டீர்கள் என்பது கணக்கே இல்லை. 30 சென்டிமீட்டருக்கு மேல் நிரப்ப முடியும் என்றால் அது பூல், வேலி வேண்டும். வடித்துவிட்ட பூலும் அப்படித்தான். கடையில் வாங்கும்போது பெட்டியில் உள்ள உயரத்தைப் பார்த்து வாங்கினால் இந்தத் தொல்லையே இல்லை.

"வேலி 120 சென்டிமீட்டர் இருக்கு, போதும்." உயரம் போதும். ஆனால் வேலியின் வெளிப்புறத்தில் 90 சென்டிமீட்டருக்குக் குழந்தை கால் வைத்து ஏறக்கூடிய எதுவும் இருக்கக் கூடாது. நம் வீடுகளில் தவறாமல் இருப்பது கறிவேப்பிலைத் தொட்டி. குளிர்காலத்தில் பனி படாமல் இருக்க வெயில் விழும் மூலைக்கு நகர்த்தியிருப்பார்கள், அந்த மூலை எப்போதும் பூல் வேலியாகவே இருக்கும்! செடியைப் பற்றி எனக்குக் குறை இல்லை, தொட்டியை நகர்த்துங்கள். கேட்டை முழுக்கத் திறந்து விட்டு "பாருங்கோ, தானா மூடுது" என்று காட்டுவது இன்னொரு வழக்கம். ஒரு சாண் மட்டும் திறந்து விட்டுப் பாருங்கள். பிறகு கொளுவியில் முட்டுகிற அளவுக்கு மட்டும் திறந்து விடுங்கள். எந்த நிலையிலிருந்தும் மூடிக் கொளுவ வேண்டும் என்பதுதான் விதி. பல கேட்டுகள் அந்தக் கடைசி விரற்கடையில்தான் தோற்கின்றன.

"நாங்கள் பார்த்துக்கொண்டுதான் இருப்பம், விழுந்தால் கத்துமே." கத்தாது. மூச்சுக்கே வாய் நீருக்கு மேலே வர மறுக்கும்போது கத்துவது எப்படி? அமெரிக்க உயிர்காப்பாளர் ஃபிரான்செஸ்கோ பியா நியூயார்க் கடற்கரையில் மூழ்குகிறவர்களைப் படமெடுத்து இதை 1970களிலேயே காட்டிவிட்டார். சத்தமில்லை, கையசைப்பு இல்லை, சில பத்து விநாடிகளில் முடிந்துவிடும்.

எல்லாவற்றிலும் என்னை அதிகம் கோபப்படுத்துவது, "தலைகீழாப் பிடிச்சு வயித்தை அமத்தினால் தண்ணி வெளியில வந்திடும்" என்பது. ஊரிலிருந்து பேரப்பிள்ளை பார்க்க வந்திருக்கும் தாத்தா பாட்டிகள் மட்டும் சொல்வதில்லை, இங்கே படித்து வேலை பார்க்கிறவர்களும் சொல்கிறார்கள். வயிற்றை அமுக்கினால் வயிற்றில் உள்ளது மூச்சுக்குழாய்க்குள் போகும், பொன்னான நிமிடமும் போகும். மூழ்கிய குழந்தைக்கு வேண்டியது மூச்சு. 000க்கு அழைப்பு, 30 முறை நெஞ்சை அழுத்தி 2 மூச்சு, ஆம்புலன்ஸ் வரும்வரை. இதைச் சொல்லும் சிபிஆர் பலகை பூல் பக்கத்தில் இருக்க வேண்டும், 3 மீட்டர் தூரத்திலிருந்து வாசிக்கத் தெரிய வேண்டும் என்பதும் விதிதான். நான் பார்ப்பவை பெரும்பாலும் வெயிலில் வெளுத்து, எழுத்து உதிர்ந்து, ஒரு ஆணியில் தொங்குகின்றன. புதுப் பலகை மாட்டினாலும் அது ஆங்கிலத்தில். பகல் முழுக்கக் குழந்தையோடு இருக்கிற அம்மம்மாவுக்கு அதில் என்ன புரியும்?

பெற்றோருக்குத் தமிழில் சிபிஆர் பயிற்சி வையுங்கள் என்று சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிகளுக்குப் பலமுறை சொல்லிவிட்டேன். பிள்ளைகள் உள்ளே ஆத்திசூடி படிக்கும் நேரத்தில் பெற்றோர் வெளியே காருக்குள் இருந்து போனைத் தட்டிக்கொண்டிருக்கிறார்கள். ஒரு பயிற்றுநர், சில பொம்மைகள், தமிழில் ஒன்றரை மணி நேரம். தாத்தா பாட்டியையும் கூட்டி வரச் சொல்லுங்கள். மண்டபம் இருக்கிறது, நாற்காலி இருக்கிறது, தேநீரும் இருக்கிறது. "அடுத்த தவணை பார்ப்பம்" என்கிறார்கள். அடுத்த தவணை அக்டோபரில் தொடங்குகிறது, பூல்கள் அதற்கு முன்பே திறந்துவிடும்.