போன்லயே கேமா? அக்கா சொல்றதைக் கேட்டுட்டு ஆடு, கண்ணு!

போன் போதுமா, கேமுக்குன்னு தனி மெஷின் வாங்கணுமான்னு கேக்கறே. போன் தாராளமாப் போதும். நீ அதை வெச்சுக்கற லட்சணம்தான் சரியில்ல.

1. சூடு: நம்ம பக்கத்துக்கு இதுதான் முதல் எதிரி. 35 டிகிரிக்கு மேல போற இடத்துல ஐபோனைப் பயன்படுத்தாதீங்கன்னு ஆப்பிளே சொல்லுது. சித்திரையில சேலம் 40ஐத் தொடும். சிமெண்ட் ஷீட் வீடு, தறிப்பட்டறைன்னா கேக்கவே வேண்டாம். சூடு ஏறினா போன் தன்னைக் காப்பாத்திக்க வேகத்தைக் குறைச்சுக்கும். அதுக்குப் போய் கடைக்காரரோட மல்லுக்கு நிக்காதே. கேமுக்குன்னே செஞ்ச ஸ்டீம் டெக்குக்குள்ள ஃபேன் ஓடுது, உன் போன்ல ஏது?
- பேக் கவரைக் கழட்டு, கிராபிக்ஸை நடுத்தரமா வை.
- சார்ஜ் போட்டுக்கிட்டே ஆடாதே. ரெண்டு சூடும் சேர்ந்தா பேட்டரி சீக்கிரம் செத்துடும்.
- ஃப்ரிட்ஜுல வெச்சு ஆத்தறியா? உள்ள ஈரம் கோத்து போர்டே போயிடும். அடி வாங்குவே!

2. கட்டைவிரல்: ஆடற விரலே பாதித் திரையை மறைக்குது. சண்டை, ரேஸ் ஆடறவங்க டைப்-சியில சொருகற கன்ட்ரோலர் வாங்கிக்கோங்க. ப்ளூடூத்தைவிடத் தாமதம் கம்மி. லூடோ ஆட அது எதுக்கு? கேம் பட்டனோட போனையே முன்னாடி செஞ்சு பாத்தாச்சு. 2003ல நோக்கியா என்-கேஜ்னு ஒண்ணு விட்டுச்சு. கேம் கார்டு மாத்த பேட்டரியைக் கழட்டணும், பேசறதுக்குப் போனோட ஓரத்தைக் காதுல வைக்கணும்! சோனி எரிக்சனோட எக்ஸ்பீரியா ப்ளேயும் 2011ல வந்த வேகத்துல போயிடுச்சு.

3. பஸ்: சேலத்துல ஏறி நாமக்கல்ல எறங்கறதுக்குள்ள டவர் மாறி மாறி பிங் எகிறும். நெட் வேண்டாத கேம் ரெண்டை வீட்டு வைஃபையில எறக்கி வை.

4. தனி மெஷின்: பெரிய கதை கேம் ஆடற பைத்தியம் இருந்தா மட்டும் யோசி. ஸ்விட்ச், ஸ்டீம் டெக் எதையும் கம்பெனிக்காரன் இங்க நேரடியா விக்கறதில்ல. ரிப்பேர்னா எங்க தூக்கிட்டு அலைவே?

5. காசு: இதுலதான் எல்லாரும் ஏமாறுறீங்க. 2020 செப்டம்பர்ல பப்ஜிக்குத் தடை. அடுத்த வருஷம் அதோட இந்தியப் பதிப்பா பிஜிஎம்ஐ வந்துச்சு. அதையும் 2022 ஜூலையில ஸ்டோர்லேர்ந்து தூக்கி, 2023 மே மாசம்தான் திரும்ப விட்டாங்க. கேம்ல துப்பாக்கிக்குச் சாயம் பூசக் காசு கொட்டினவங்க நிலைமையை நெனச்சுப் பாரு. ஸ்விட்ச் கேம் கார்டுன்னா ஆடி முடிச்சு வித்துடலாம். இந்தச் சாயத்தை யார்கிட்ட விப்பே?
- ப்ளே ஸ்டோர்ல ஒவ்வொரு தடவை வாங்கறப்பவும் பாஸ்வேர்டு கேக்கற மாதிரி வை. குழந்தை கையில போன் இருந்தா இன்னைக்கே வை.
- ரம்மியை கேம் கணக்குல சேக்காதே. பணம் கட்டி ஆடற ஆன்லைன் ஆட்டத்தையெல்லாம் 2025 ஆகஸ்ட்ல மத்திய அரசே சட்டம் போட்டுத் தடுத்தாச்சு. "ரம்மி ஆப்பை இந்த லிங்க்ல எறக்கிக்கோ மாப்ள"ன்னு சொந்த மாமன் மகனே அனுப்பினாலும் தொடாதே.